காப்பகத்தின் பின்கதவும் ஏழு டிரஸ்டிகளும்

என் கொழுந்தனார் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில வாரங்களில் போன் செய்தார். "அண்ணி, ஒரு டிரஸ்டுல என்னையும் போர்டு மெம்பராப் போட்டிருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு கூட்டம்தானாமுங்க. போயி டீ குடிச்சுட்டு, காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்தாப் போதுமாமுங்க" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சந்தோஷமாகப் படவில்லை. "நாளைக்கு ஊட்டுப் பக்கம் வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் வந்தபோது நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்லூரில் ஒரு தர்ம டிரஸ்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் நான் வேலை பார்த்தேன். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சில வருடங்களில் ஆபீஸ் முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. கடைசிவரை அதே நாற்காலிதான்.

வேலை கற்றுக்கொடுத்தவர் டிரஸ்டிகளில் ஒருவரும் செயலாளருமான ஞானமணி சார். அவிநாசி கோர்ட்டில் வக்கீல். கோர்ட் முடிந்ததும் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். இந்த வேலைக்காக ஒரு பைசா வாங்கமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கூட்டத்தில் யாராவது அவசரப்பட்டோ ஆணவமாகவோ ஒன்றைச் சொன்னால் மறுத்துப் பேசமாட்டார். பேனாவைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கட்டுங்களா?" என்பார். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

கூட்டம் என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. ஏழு நாள் முன்னால் எல்லோருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது அதில் இருக்க வேண்டும். ஏழு டிரஸ்டிகளில் நான்கு பேராவது வந்து உட்கார்ந்தால்தான் அது கூட்டம். ஒருமுறை அவசரம் என்று தலைவர் சொன்னதால், தீர்மானத்தை நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டம் எங்கீங்க அம்மிணி நடந்தது?" என்று கேட்டார். "ஆறு ஊட்டு வாசல்ல நடந்திருக்குது. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுல விழல. அப்புறம் எப்படிங்க அது கூட்டம்?" என்று காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். முறைப்படி கூட்டம் கூட்டிய பிறகுதான் அந்த வேலை நடந்தது.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

காப்பகத்துக்கு இரண்டு தளம். தெருவில் லாரிகள் ஓயாமல் போகும் என்பதால் குழந்தைகளை மாடியில் வைத்திருந்தோம். கீழே ஒரு பெரிய அறை, அதற்குப் பக்கத்தில் என் ஆபீஸ். முன்பக்கம் ஒரு படிக்கட்டு, கீழ் அறையின் வாசலை ஒட்டியே மேலே ஏறும். பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு, அது கீழே ஒரு சின்ன நடையில் இறங்கும். நடையின் முடிவில் பின்கதவு. கதவைத் திறந்தால் சந்து.

கீழ் அறையில் முன்பு தையல் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்த பெண் கல்யாணமாகிப் போன பின் அறை சும்மா கிடந்தது. தொண்ணூறுகளில், எக்ஸ்போர்ட் ஆர்டர்கள் ஊரையே தூக்கி நிறுத்திய சமயம், யாருக்கும் சரக்கு வைக்க இடம் போதவில்லை. எங்கள் டிரஸ்டி வேலுச்சாமிக்குப் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் இருந்தன. டிரஸ்டின் தலைவர் குமாரசாமி அய்யாவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி அவர். ஒரு நாள் தன் மச்சானிடம், "ஒரு வாரத்துக்குச் சரக்கு வெச்சுக்கறனுங்க மச்சான்" என்று கேட்டார். அய்யாவும் வாய் வார்த்தையாகச் சரி என்றார். மற்ற டிரஸ்டிகளுக்குத் தெரியாது. சார் அப்போது வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்; திரும்பிய பிறகும் கோர்ட் வேலையில் சில வாரம் இந்தப் பக்கம் வரவில்லை.

முதலில் ஒரு டெம்போவில் கட்டிங் வேஸ்ட் வந்தது. பனியன் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை அமுக்கிக் கட்டிய பேல்கள். அடுத்து இன்னும் இரண்டு டெம்போ. அறை நிரம்பி, மிச்சப் பேல்களைப் பின்பக்க நடையில் கூரை வரை அடுக்கிவிட்டுப் போனார்கள். பின்கதவு அதற்குப் பின்னால் போய்விட்டது. கடைசியாகத் தகர டிரம்கள் வந்து இறங்கின.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப் போக வந்தார். வேலுச்சாமியின் சாயப்பட்டறையில்தான் அவருக்கு வேலை. ஜன்னல் வழியே டிரம்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னார்.

"அது ஹைட்ரோஸ். சாயத்துக்குப் போடற பவுடர். அதுல ஈரம் பட்டுச்சுன்னா தானாச் சூடாகும். பொகையும். அப்புறம் புடிச்சுக்கும். நாங்க பட்டறையிலயே அதுக்குப் பக்கத்துல துணி வெக்க மாட்டோம்."

"யாராச்சும் நெருப்பு வெச்சாத்தானுங்க?" என்றேன்.

"நெருப்பே வேண்டாம். ஒழுகற தண்ணி போதும்."

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அந்த அறையின் மேற்குச் சுவர் வருடாவருடம் ஈரம் ஊறி ஓதம் அடிக்கும்.

அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. காலையில் வந்ததும் முதல் காரியமாக அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்திருந்தால் மூச்சு வரும். டைப் அடித்துக்கொண்டே புகை வாடை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே யாரோ குப்பை கொளுத்தினால் மாடிக்கு ஓடுவேன். ஆயாக்களிடம் காரணம் சொல்லாமல், குழந்தைகளை முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னேன். பிறகு யோசித்தால், தீ கிளம்பினால் புகை முதலில் ஏறுவது அந்தப் படிக்கட்டில்தான். மறுபடி மாற்றி, பின்பக்கம் படுக்க வைக்கச் சொன்னேன். அங்கே இறங்கினால் கதவு அடைபட்டிருக்கிறது. எங்கே படுக்க வைப்பது? ஆயாக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வேலுச்சாமியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "ஷிப்மென்ட் போயி கம்பெனியில எடம் காலியாகட்டும்" என்று பதில் வந்தது. அய்யாவிடம் போய்ச் சொன்னேன். திண்டாடிப் போனார். "என்ற சம்சாரத்தோட ஒரே தம்பி அம்மிணி. நான் எடுன்னு சொன்னா ஊட்ல எனக்குச் சோறு கெடைக்காது. சித்தெ பொறுத்துக்கலாம்" என்றார். ஒரு வாரம் மூன்று வாரமாகியிருந்தது.

ஞானமணி சார் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். யார் சொல்லித் தெரியும் என்றும் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பின்படிக்கட்டில் இறங்கிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"உங்க ஊட்டுக்காரர் பேரு எங்கயும் வராதுங்க அம்மிணி" என்றார் முதலில். பிறகு, "எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஏதாவது சொல்லித் தைரியப்படுத்துவார் என்றுதான் காத்திருந்தேன்.

அன்றே நோட்டீஸ் டைப் அடித்தோம். பொருள்: காப்பகத்தின் கீழ்த்தளத்தில் உள்ள சரக்கு. போர்டு கூட்டங்கள் வழக்கமாக வேலுச்சாமியின் கம்பெனியில், ஏசி அறையில் நடக்கும். சார் இடத்தை மாற்றினார். காப்பகத்தின் மாடி, மதியம், குழந்தைகள் தூங்கும் நேரம். அதுவரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகளை வேறு எங்காவது கொண்டுபோகலாமா என்று சுற்றிலும் கேட்டோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்றார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தங்கள் இருந்தன. காப்பகத்தை மூடினால் தாய்மார்கள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் குழந்தையை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படிப் பூட்டிவைத்த ஒரு வீட்டில் நடந்த விபத்தைக் கேட்டுத்தான் இந்தக் காப்பகத்தையே ஆரம்பித்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான்.

நோட்டீஸ் போன மறுநாள் நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். வேலுச்சாமியின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க அம்மிணி, மழையில நிக்கறீங்க? ஏறுங்க, ஊட்ல உட்டுட்டுப் போறன்."

"இல்லீங்க, பஸ் வந்துருமுங்க."

"சரீங்க." சிரித்தார். "உங்க ஊட்டுக்காரரு நம்ம பட்டறையிலதானுங்களே? நெம்ப நல்ல மனுசன். அவருக்கு ஒன்னும் கொறை இல்லாமப் பாத்துக்கறனுங்க நானு. அந்த நோட்டீசு யாரு அடிச்சதுன்னு கேட்டன், நீங்கதான்னு சொன்னாங்க. சார் சொன்னா நீங்க அடிச்சுத்தானுங்க ஆகோணும். தப்பா நெனைக்கலீங்க."

ஒரு சுடுசொல் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' இருந்தது. கார் போன பிறகு வந்த பஸ்ஸைக்கூட நான் கவனிக்கவில்லை, அடுத்ததில்தான் ஏறினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "கூட்டம் என்னைக்கு?" என்றார். சொன்னேன். "நடக்கட்டும்" என்றார்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை. ஒருவர் வெளிநாடு போயிருந்தார். மற்ற ஆறு டிரஸ்டிகளும் வந்தார்கள். மாடியில் பெரியவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. கீழிருந்து கொண்டுவந்தது போதாமல், குழந்தைகளின் சின்ன பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பாயில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சார் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படித்தார். டிரஸ்டின் சொத்தை எந்த டிரஸ்டியும் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தனக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் அந்த டிரஸ்டி வெளியே போய்விட வேண்டும், ஓட்டுப் போடக் கூடாது.

"நான் என்னங்க திருடனா, வெளிய போறக்கு?" என்றார் வேலுச்சாமி. "இந்தக் கட்டடத்துக்கு சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தது யாருங்க? வருசா வருசம் தீபாவளிக்குக் கொழந்தைகளுக்குத் துணி குடுக்கறது யாரு?"

"நீங்கதானுங்க" என்றார் சார். "அதையும் எழுதிக்கறேன். வெளிய போக மாட்டேன்னு சொன்னதையும் எழுதிக்கட்டுங்களா?"

வேலுச்சாமி மச்சானைப் பார்த்தார். அய்யா தரையைப் பார்த்தார். வேலுச்சாமி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியிறங்கினார். அந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை விழித்து அழுதது. ஆயா அதை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள்.

டாக்டரம்மா ஒருவர் போர்டில் இருந்தார். சரக்கை உடனே எடுக்க வேண்டும் என்றார். மற்ற இருவர், கம்பெனி வைத்திருப்பவர்கள், இழுத்தார்கள். "ஷிப்மென்ட் டைம்ல சொல்றது நல்லா இருக்காதுங்க. ஒரு மாசம் குடுக்கலாம். நம்மளுக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்?" என்றார் ஒருவர். "ஒன்னும் ஆகாதுங்க, இத்தன நாள் ஆச்சா?" என்றார் அடுத்தவர்.

சார் பத்திரத்தை மூடி வைத்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா வேலுச்சாமி மட்டும் பதில் சொல்ல மாட்டாருங்க. இங்க உக்காந்திருக்கற நாம எல்லாரும் சொல்லோணும். இன்னைக்கு வராதவரும் சொல்லோணும். எங்களுக்குத் தெரியாதுன்னு நேத்து வரைக்கும் சொல்லிருக்கலாம். இனிச் சொல்ல முடியாதுங்க. இப்பத் தெரிஞ்சு போச்சு."

டாக்டரம்மாவும் சாரும் ஒரு பக்கம், கம்பெனிக்காரர்கள் இருவரும் ஒரு பக்கம். ரெண்டுக்கு ரெண்டு. அய்யாவின் ஓட்டுத்தான் பாக்கி. அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, அந்தப் பின்கதவு எங்க இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

கூட்டிப் போனேன். பின்படிக்கட்டில் பாதி இறங்கியதும் பேல்கள் தொடங்கின. ஓதமும் ரசாயனமும் கலந்த ஒரு நெடி, தொண்டையைப் பிடித்தது. "கதவு அதுக்குப் பின்னாலீங்க" என்றேன். எழுபதை நெருங்கிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பேலில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். மூச்சு வாங்கியது. மேலே அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது, அங்கே நின்றால் அது நன்றாகவே கேட்டது. அவர் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"வா, மேல போலாம்" என்றார். என்னை அதுவரை ஒருமையில் அழைத்ததில்லை.

மேலே வந்து உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னார். "இன்னைக்கே எடுக்கோணும். என்ற ஓட்டு அதுக்குத்தான். எழுதுங்க வக்கீலய்யா. என்ற வாய் வார்த்தையிலதான் இது உள்ள வந்துச்சுன்னும் எழுதுங்க."

பிறகு படிக்கட்டுத் தலைப்பில் நின்று கீழே குரல் கொடுத்தார். "மாப்ளே! வண்டியக் கூப்புடு!"

வேலுச்சாமி கத்தினார். அக்கா பேரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார், இனி உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றார். அய்யா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டெம்போக்கள் வந்து கடைசி டிரம் ஏறும்வரை எழவில்லை. ஏற்றும்போது ஒரு டிரம்மின் அடி வெதுவெதுப்பாக இருந்ததாக லோடுமேன் ஒருவர் சொன்னார். அது உண்மையோ அவர் மனப்பிரமையோ, எனக்குத் தெரியாது. கேட்டதும் மாடிக்கு ஓடிப் போய்க் குழந்தைகளை எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானமே என் வீட்டுக்காரர் திறக்காத டிபன் பாக்ஸுடன் திரும்பி வந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டாங்க" என்றார். அவர் பேரை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, அவிநாசிப் பக்கம் ஒரு ப்ளீச்சிங் பட்டறையில் சேர்ந்தார்.

வேலுச்சாமி சரக்கைச் சோமனூர்ப் பக்கம் ஒரு பழைய தறிக் குடோனுக்குக் கொண்டுபோயிருந்தார். தறிகளைக் கழற்றிவிட்ட கட்டடம், ஓட்டுக்கூரை. கார்த்திகை பிறந்து, விடாமல் பெய்த ஒரு நாளில் அது எரிந்தது. யாரும் பீடிகூடப் பற்றவைக்கவில்லை. காவலுக்கு இருந்தவர் டீ குடிக்க வெளியே போன நேரம், ஓட்டுச் சந்துகளில் புகை கிளம்பியதாம்.

செய்தி கேட்டு அய்யா காரை எடுத்தார். சாரும் நானும் கூடப் போனோம். நாங்கள் போனபோது தீயணைப்பு வண்டி நின்றது. ஓடுகள் எல்லாம் உள்ளே விழுந்திருந்தன. தண்ணீர் அடித்த பிறகும் டிரம்கள் கிடந்த மூலையிலிருந்து மறுபடி மறுபடி புகை எழும்பியது. உத்தரங்கள் கரிக்கட்டையாகக் கிடந்தன. எவ்வளவு நேரத்தில் இப்படி ஆனது என்று அய்யா கேட்டார். "டீ குடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ளீங்க" என்றார் காவல்காரர். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வரும்போது காரில், அந்த ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் எங்கள் மாடியை வைத்துத்தான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். பயம் தீர்ந்திருக்க வேண்டிய நாள் அது. எனக்கு அன்றுதான் காய்ச்சல் வந்தது.

சில நாள் கழித்து, குழந்தைகளைச் சாப்பாட்டுக்குக் கீழே இறக்கும் நேரம், வேலுச்சாமி தனியாக வந்தார். நான் எழுந்து நின்றேன். என்னைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போனார். நடை காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. குழந்தைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படியிறங்கி வந்தன. கடைசிக் குழந்தைக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கியது. அது தரைக்கு வரும்வரை அவர் ஒதுங்கியே நின்றார்.

"இதுல நம்ம கம்பெனி ஆளுங்க கொழந்தைக இருக்குதுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல அவங்கதானுங்க" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். எழுந்து போகும்போது, "உங்க ஊட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் போகவில்லை. "அங்க போனா டிரம்மைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்த மாடிதான் கண்ணுல நிக்கும்" என்றார். வேலுச்சாமி போர்டை விட்டு விலகவில்லை. நான் ஓய்வு பெறும்வரை ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததுமில்லை. கூட்டம் எங்கே நடந்தாலும், முதலில் காப்பகத்துக்கு வந்து, யாரிடமும் பேசாமல் பின்பக்கம் போய், அந்தக் கதவைத் தன் கையாலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.